முதுகு காட்டி எடுத்த பதினெட்டு

ஹிரிதூ தீவில் ஜுவைரியாவிடம் வாய் கொடுத்துவிட்டு நிம்மதியாக வீடு போய்ச் சேர்ந்தவர் யாரும் கிடையாது. நாற்பத்தொரு வயது, கனத்த தோள், நடக்கும்போது வலது முழங்காலில் ஒரு சின்ன இழுப்பு. காலையில் மற்றப் பெண்களோடு சேர்ந்து தெருமணலைப் பெருக்குவாள். மதியம் சூரை மீனை உதிர்த்து, தேங்காய்த் துருவலோடு பிசைந்து, குல்ஹா உருண்டை பொரித்துத் தேநீர்க்கடைக்குக் கொடுப்பாள். பிற்பகல் அஸர் தொழுகை முடிந்ததும் பாஷி ஆடப் போய்விடுவாள். மற்ற இரண்டையும் ஒரு நாள் விட்டாலும் விடுவாள், பாஷியை மட்டும் விடமாட்டாள்.

பாஷி பெண்களின் ஆட்டம். அதில் ஆண்கள் மூக்கை நுழைப்பதில்லை, நுழைத்தால் உடைந்துவிடும். வலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒருத்தி டென்னிஸ் மட்டையோடு நிற்பாள், பந்தைத் தலைக்கு மேலாகப் பின்னோக்கி அடிப்பாள். வலைக்கு அந்தப் பக்கம் எதிரணிப் பெண்கள் பதினொரு பேர் வெறுங்கையோடு காத்திருப்பார்கள். பந்து மணலில் விழுந்தால் ஒரு புள்ளி. பிடித்துவிட்டால் அடித்தவள் வெளியே. கேட்கச் சுலபமாகத்தான் இருக்கும். முதுகுக்குப் பின்னால் எவள் எங்கே நிற்கிறாள் என்று தெரியாமல் ஒரு தடவை அடித்துப் பாருங்கள், அப்புறம் பேசலாம்.

ஜுவைரியாவுக்குத் தெரியும், ஏனென்றால் அவளுக்கு மூமினா இருந்தாள். அடிக்கிறவளின் சொந்த அணிக்காரிகள் அவளுக்கு நேர் எதிரே நிற்பார்கள். வலைக்கு அப்பால் நடப்பதெல்லாம் அவர்கள் கண்ணுக்குத் தெரியும். மூமினா ஒல்லி, நெட்டை, பார்த்தால் எதிலும் அக்கறை இல்லாதவள் போல இருப்பாள். அவள் புருவம் வலது பக்கம் ஏறினால் வலது மூலை காலி. உதடு குவிந்தால் பின்கோட்டருகே காலி. தாடை இறங்கினால் வலையோரம் காலி. பார்த்த கணமே ஜுவைரியாவின் கை அங்கே அடிக்கும். இது அவர்கள் உட்கார்ந்து பேசி வைத்துக்கொண்ட ஏற்பாடு இல்லை, ஆடி ஆடிப் படிந்தது. அந்தச் சூட்சுமத்தைக் கண்டுபிடிக்க முடியாமல் சுற்றியுள்ள தீவுக்கூட்டமான அடோல் முழுக்கத் தலையைப் பிய்த்துக்கொண்டார்கள்.

அவள் கையில் மட்டையைக் கொடுத்ததே மூமினாதான். ஜுவைரியாவைக் கட்டிக்கொடுத்தது பக்கத்துத் தீவான காஷிஃபுஷியில், லத்தீஃப் என்பவனுக்கு. இரண்டாவது பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்தபோது, மீன் ஏற்றி வந்த படகுக்காரனிடம் சேதி சொல்லி அனுப்பினான் அவன்: தலாக் ஆகிவிட்டது, சாமான்களை அடுத்த படகில் அனுப்புகிறேன். அவளுக்கு வயது இருபத்தேழு. பெட்டியும் பாத்திரமும் படகுத்துறையில் வந்து இறங்கியபோது ஊரே வேடிக்கை பார்த்தது. மூமினா மட்டும் பெட்டியின் ஒரு பக்கத்தைத் தூக்கினாள். மறுவாரம், "வீட்டுக்குள்ள உக்காந்து அழுதது போதும், வாடி" என்று கையைப் பிடித்து மைதானத்துக்கு இழுத்துப் போனாள்.

அன்றிலிருந்து ஜுவைரியாவுக்கு ஒரே ஒரு ஆசை. அடோல் கோப்பையில் காஷிஃபுஷியை, அவர்கள் மணலிலேயே வைத்து, ஒரு தடவை ஜெயிக்க வேண்டும். பதினாலு வருஷத்தில் ஆறு இறுதியாட்டம் தோற்றாயிற்று, இரண்டு தடவை ஒரே ஒரு புள்ளியில். இந்த வருஷம் நேரம் கூடி வந்திருந்தது. காஷிஃபுஷியின் நட்சத்திர ஆட்டக்காரி பிள்ளை பெற்று வீட்டில் இருந்தாள். ஜுவைரியாவின் முழங்காலோ இனி ஒரு வருஷம் தாங்காது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். இப்போது இல்லையென்றால் இனி எப்போதும் இல்லை.

அந்த நேரம் பார்த்துத்தானா ஜனாதிபதி தேர்தல் வர வேண்டும்!

ஊதாக் கட்சி, ஆரஞ்சுக் கட்சி. இரண்டு பக்கமும் தலைநகரில் இருக்கிற பெரிய மனிதர்கள் தொலைக்காட்சியில் கைகுலுக்கிக்கொள்வார்கள், இங்கே நம் ஆட்கள் ஒருவரையொருவர் கடித்துக் குதறிக்கொள்வார்கள். தென்னைக்குத் தென்னை கொடி கட்டினார்கள். ஊதா வீட்டுக்காரிகள் ஆரஞ்சு வீட்டு வாசல் வந்ததும் பெருக்குவதை நிறுத்தினார்கள். அவர்கள் குவித்த இலையை இவர்கள் திருப்பித் தள்ள, தெரு நடுவில் முழங்கால் உயரத்துக்குச் சருகு கிடந்தது. மாப்பிள்ளை ஊதா, மாமனார் ஆரஞ்சு என்று ஒரு கல்யாணம் நின்றுபோனது. துரோகி, மதம் கெட்டவன், விலைபோனவன் என்று வைபர் குரூப்பில் வசவு பறந்தது, கட்சிக் கொட்டகை ஒலிபெருக்கியில் அதுவே ராகம் போட்டுப் பாடப்பட்டது.

ஜுவைரியா ஊதா, மூமினா ஆரஞ்சு. முன்பும் அப்படித்தான், அதற்காக அவர்கள் சண்டை போட்டதே இல்லை. ஆனால் இந்தத் தடவை இரண்டு கட்சிக்கும் மைக்கில் பேச வாய்த்துடுக்குள்ள பெண்கள் தேவைப்பட்டார்கள். தீவின் ஊதாக் கட்சித் தலைவன் அஃபீஃப் ஜுவைரியாவைத் தேடி வந்து, "அக்கா, உங்க வாய்க்கு நிகர் ஏதுக்கா?" என்றான். அவள் மயங்கிவிட்டாள். ஆரஞ்சுக் கட்சித் தலைவன் நிஹாத் மூமினாவிடம் போய் அதையே சொன்னான்.

முதல் வாரம் கட்சியைத் திட்டினார்கள். கைதட்டு கேட்கக் கேட்க நாக்கு நீண்டது. ஒரு சாயங்காலம் மூமினா மைக்கில், "கட்டினவன்கூட ஒழுங்கா வாழத் தெரியாம பெட்டியோட திரும்பி வந்தவ எல்லாம் நாட்ட யார் ஆளணும்னு சொல்ல வந்துட்டா!" என்றாள். தெருவில் கேட்டுக்கொண்டு நின்ற ஜுவைரியாவுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அந்தப் பெட்டியின் மறுபக்கத்தைத் தூக்கியவளே இவள்தானே. நேராக ஊதாக் கொட்டகைக்குப் போய் மைக்கைப் பிடுங்கினாள். "ஒரு வாஷிங் மெஷினுக்கு மொத்தக் குடும்பத்தோட ஓட்டையும் வித்தவ பேசுறாளா? போய் அவ வீட்டுப் பின்கட்டப் பாருங்க, புத்தம்புதுசா சுத்துது!"

அது பச்சைப் பொய். மூமினா இரண்டு வருஷம் மீன்குழம்பைச் சுண்டக் காய்ச்சி விற்று வாங்கிய இயந்திரம் அது. படகிலிருந்து அதை இறக்கக் கைகொடுத்ததும் ஜுவைரியாதான். பொய் என்று தெரிந்தேதான் சொன்னாள். ஊதாக் கூட்டம் விசிலடித்துக் கூத்தாடியது. மறுநாளிலிருந்து மூமினாவின் பிள்ளைகள் போகிற இடமெல்லாம் "சோப்புப் பொடி வேணுமா?" என்று கேட்டார்கள்.

அதோடு பேச்சு நின்றது. அணியில் ஊதாக்காரிகள் ஆறு, ஆரஞ்சுக்காரிகள் ஐந்து. ஆறு பேர் தொழுகைக்கு முன்னால் பயிற்சி செய்தார்கள், ஐந்து பேர் பின்னால். முதல் சுற்று வாக்குப்பதிவில் யாருக்கும் பாதி கிடைக்கவில்லை, மறுபடி வாக்குப்பதிவு என்றார்கள். அதற்கு எட்டு நாள் முன்னால், ஒரு வெள்ளிக்கிழமை, காஷிஃபுஷியில் இறுதியாட்டம். எப்படியோ முட்டி மோதி ஹிரிதூ இறுதிக்கு வந்திருந்தது. ஒரே அணி இரண்டு படகில் போனது, ஒன்றில் ஊதாக் கொடி, மற்றதில் ஆரஞ்சுக் கொடி. வெட்கக்கேடு! படகுத்துறையில் நின்ற காஷிஃபுஷிக்காரர்கள் சிரித்த சிரிப்பில் நம் பெண்களுக்கு நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

முதலில் காஷிஃபுஷி அடித்தது. ஒரு பந்து உயரமாக எழும்பி மூமினாவுக்கும் பக்கத்தில் நின்ற ஊதாப் பெண்ணுக்கும் நடுவில் இறங்கியது. "எனக்கு" என்று யாராவது ஒருத்தி குரல் கொடுத்தால் போதும். பேசாதவளிடம் எப்படிச் சொல்வது? இருவரும் நின்று பார்த்தார்கள், பந்து நடுவில் பொத்தென்று விழுந்தது. இப்படி ஒன்றல்ல, ஏழு பந்து. அதைவிடக் கொடுமை, மூமினா ஒன்றைத் தவறவிட்டபோது ஹிரிதூவின் ஊதாக் கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. ஊதாப் பெண் தவறவிட்டால் ஆரஞ்சுக் கூட்டம் ஆடியது.

ஒலிபெருக்கியில் வர்ணனை செய்துகொண்டிருந்தவன் யார் தெரியுமா? லத்தீஃப்தான். வயிறு பெருத்து, மீசையில் மை பூசி, நிழலில் உட்கார்ந்திருந்தான். "ஹிரிதூகாரங்க அவங்களுக்குள்ளயே ஆட்டத்த முடிச்சுக்குவாங்க போலிருக்கு. நம்ம பொண்ணுங்க வேணும்னா போய் ஒரு டீ குடிச்சிட்டு வரட்டும்!" என்றான். மைதானம் குலுங்கியது.

காஷிஃபுஷி எடுத்தது இருபத்தாறு. ஹிரிதூ அடிக்க வந்தபோது ஒருத்திக்கும் எதிரே நின்று ஒழுங்காக வழி சொல்ல ஆளில்லை. பத்துப் பேர் வரிசையாக வெளியேற, எடுத்தது ஒன்பது. மிச்சம் ஜுவைரியா ஒருத்தி. ஜெயிக்க இன்னும் பதினெட்டு வேண்டும், ஒரு தடவை பிடிபட்டாலும் முடிந்தது.

மட்டையை எடுத்துக்கொண்டு அவள் வந்தாள். எதிரே நின்றது ஒரு ஊதாப் பெண், பாவம், பயத்தில் அவள் இரண்டு புருவமும் ஒன்றாக ஆடிக்கொண்டிருந்தது. வரிசையின் கடைசியில் மூமினா கடலைப் பார்த்தபடி கைகட்டி நின்றாள். ஜுவைரியா மட்டையை அக்குளில் இடுக்கிக்கொண்டு அவளிடம் போனாள்.

"எதிர்ல வந்து நில்லுடி."

"ஏன், உன் கட்சியில ஆளு இல்லையா?"

"ஆளு இருக்கு. கண்ணு இல்ல."

"நான்தான் மெஷினுக்கு வித்தவளாச்சே. கண்ணையும் சேர்த்து வித்திருப்பேன், போ."

ஜுவைரியா குரலைத் தாழ்த்தினாள். "அது பொய்டி. எனக்குத் தெரியாதா? தப்புப் பண்ணிட்டேன்."

"என்னது? காது கேக்கல."

"தப்புன்னு சொல்றேன்ல!"

மூமினா இப்போதுதான் திரும்பிப் பார்த்தாள். கண் கலங்கியிருந்தது, கோபம் குறையவில்லை. "சொல்லும்போது ஊரே கேக்க மைக்குல சொன்ன. எம்பிள்ளைங்க தெருவுல நடக்க முடியல. இப்ப என் காதுல வந்து முணுமுணுத்தா சரியாப் போச்சா? மைக்குல சொன்னத மைக்குல வாபஸ் வாங்கு. அப்புறம் பாக்கலாம்."

அந்த மைதானத்தில் இருந்தது ஒரே ஒரு மைக். அது லத்தீஃபின் முன்னால் இருந்தது. பதினாலு வருஷமாக அவனிடம் அவள் ஒரு சொல் பேசியதில்லை. அவன் இருக்கிற பக்கம் தலையைக்கூடத் திருப்பியதில்லை. இப்போது நேராக அந்த மைக்கை நோக்கி நடந்தாள்.

நடுவர் விசில் ஊதினார். அஃபீஃப் கொடியும் கையுமாகப் பக்கத்தில் ஓடி வந்தான். "அக்கா, என்ன பண்றீங்க? ஓட்டுக்கு எட்டு நாள்தான் இருக்கு! இப்பப் போய் அவகிட்ட மன்னிப்புக் கேட்டா நம்ம கட்சி மானம் என்னாகும்?"

"உங்கட்சி மானத்த நீ பாத்துக்க. எம்மானத்துக்கு நான் வழி பாக்குறேன். தள்ளு."

லத்தீஃப் அவள் வருவதைப் பார்த்து நாற்காலியோடு பின்வாங்கினான். "என்ன... என்ன வேணும்?"

"மைக்."

"இது போட்டி நடத்துறவங்களுக்கு மட்டும்தான்..."

"பதினாலு வருஷத்துல உங்கிட்ட ஒண்ணு கேட்டிருக்கேனா? பிள்ளைங்களுக்குப் பால்மாவு கேட்டேனா? மைக்கக் குடு."

கொடுத்துவிட்டான். அவள் அதை வாயருகே கொண்டுபோனாள்.

"நான் ஹிரிதூ ஜுவைரியா. மூமினா வாஷிங் மெஷினுக்கு ஓட்ட வித்தான்னு எங்க தீவுல மைக்குல சொன்னேன். அது பொய். அந்த மெஷின் அவ ரெண்டு வருஷம் அடுப்புல வெந்து சம்பாதிச்சது. எனக்குத் தெரியும், தெரிஞ்சே சொன்னேன். நீங்க கைதட்டினீங்க, அந்தக் கைதட்டு இனிச்சுது, அதான் சொன்னேன். மூமினா, மன்னிச்சிடு."

ஊதாக் கூட்டத்திலிருந்து "துரோகி!" என்று ஒருவன் கத்தினான். அவளுடைய சின்னம்மா மகன்தான்.

"கத்துடா, நல்லாக் கத்து! நம்ம பொண்ணு பந்த விட்டா நீ கைதட்டுற. நானா துரோகி? அடுத்த வாரம் சனிக்கிழமை நான் ஊதாவுக்குத்தான் ஓட்டுப் போடுவேன், எவனும் எனக்குச் சொல்ல வேண்டியதில்ல. இன்னைக்கு இது பாஷி. கைதட்ட மனசில்லாதவன் படகுல போய் உக்காரு!"

அப்போது மூமினா தன் நீளக் கால்களை எட்டி வைத்து நடந்து வந்து மைக்கை வாங்கினாள். நிஹாத் தூரத்திலிருந்து வேண்டாம் வேண்டாம் என்று கையசைத்தான், அவள் அவனைக் கொசுவளவுக்குக்கூட மதிக்கவில்லை.

"நானும் சொல்லணும். வாழத் தெரியாம வந்தவன்னு இவளச் சொன்னேன். பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்தவள, படகுக்காரன்கிட்ட சொல்லிவிட்டு அத்துவிட்டான் ஒருத்தன். நேர்ல வந்து சொல்லக்கூடத் தைரியம் இல்லாதவன். யாருன்னு கேக்குறீங்களா? இதோ, மீசைக்கு மை பூசிக்கிட்டு உக்காந்திருக்காரே, இவருதான்!"

முதலில் சிரித்தவர்கள் காஷிஃபுஷிப் பெண்களேதான். அந்தச் சிரிப்பு மைதானத்தைச் சுற்றி வந்தது. லத்தீஃப் குனிந்து செருப்பைத் தேட ஆரம்பித்தான். மூமினா மைக்கை மேசையில் வைத்துவிட்டு, ஜுவைரியாவின் முதுகில் ஒரு தட்டுத் தட்டி, "வா, வேலையப் பாப்போம்" என்றாள்.

எதிரே போய் நின்றாள். ஜுவைரியா வலைக்கு முதுகைக் காட்டினாள், மூமினாவின் முகத்தைப் பார்த்தாள். ஒரு மாதம் பார்க்காத முகம். வலது புருவம் ஏறியது. பந்து வலது மூலையில் விழுந்தது. உதடு குவிந்தது, பின்கோட்டருகே விழுந்தது. பிறகு இடது, மறுபடி இடது, வலது. காஷிஃபுஷிக்காரிகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள், இடம் மாறி நின்றார்கள். அவர்கள் மாறுவதற்குள் மூமினாவின் முகம் மாறியது. ஐந்தாவது புள்ளிக்கு ஆரஞ்சுக் கூட்டத்தில் ஒரு கிழவர் தன்னை மறந்து கைதட்டிவிட்டார். பக்கத்தில் இருந்தவன் முறைத்தான், கிழவர் இன்னும் பலமாகத் தட்டினார். ஒன்பதாவது புள்ளிக்குள் இரண்டு கூட்டமும் கொடிகளைக் கீழே போட்டுவிட்டு, கைதட்ட இரண்டு கையும் வேண்டுமே, கோட்டருகே வந்து நின்றன. பன்னிரண்டு. பதினைந்து. பதினேழு. ஆட்டம் சமம்.

காஷிஃபுஷித் தலைவி தன் ஆட்களை எல்லாம் பின்னால் தள்ளி நிறுத்தினாள். முழங்கால் வலிக்காரி குனிந்து மெல்ல அடிக்க மாட்டாள் என்று அவளுக்குத் தெரியும். வலையோரம் ஆடுவதற்குக் காலை மடக்கித் தாழ வேண்டும். ஜுவைரியா அன்று அதுவரை ஒரு தடவைகூட அப்படி அடிக்கவில்லை. மூமினாவின் முகத்தில் ஒரு தயக்கம் வந்தது. பிறகு தாடை இறங்கியது.

ஜுவைரியா காலை மடக்கினாள். முழங்காலில் கத்தி செருகியது போல் இருந்தது. "யா அல்லாஹ்!" என்று வாய்விட்டுக் கத்திக்கொண்டே மட்டையால் பந்தைத் தலைக்கு மேல் மெதுவாகத் தட்டிவிட்டாள். பந்து வலையின் மேல்விளிம்பை உரசிக்கொண்டு அந்தப் பக்கம் இறங்கியது. பின்கோட்டிலிருந்து நாலு பேர் பாய்ந்து வந்தார்கள், மணலில் குப்புற விழுந்தார்கள். பந்து அவர்களுக்கு ஒரு முழம் முன்னால் விழுந்து கிடந்தது.

அவள் எதையும் பார்க்கவில்லை, முதுகுதானே அந்தப் பக்கம். மூமினாவின் முகத்தைப் பார்த்துத்தான் ஜெயித்தோம் என்று தெரிந்துகொண்டாள். மூமினா வாயைப் பிளந்து அலறிக்கொண்டு ஓடி வந்தாள்.

அப்புறம் யார் யாரைத் தூக்கினார்கள் என்று யாருக்கும் தெரியாது. ஊதாப் பெண்ணைத் தோளில் வைத்துக்கொண்டு ஆரஞ்சுக்காரன் ஓடினான். துரோகி என்று கத்திய சின்னம்மா மகன், "எங்க அக்காடா! எங்க அக்கா!" என்று எல்லோர் காதிலும் ஊதினான். கோப்பையைக் கொடுத்ததும் அஃபீஃப் ஒரு பெரிய ஊதாக் கொடியை ஜுவைரியாவின் தோளில் போர்த்த வந்தான், அந்தப் பக்கமிருந்து நிஹாத் ஆரஞ்சோடு மூமினாவிடம் வந்தான், இருவர் பின்னாலும் ஆளுக்கொரு படமெடுப்பவன்.

"கொடியச் சுருட்டு" என்றாள் ஜுவைரியா. "இருபத்தாறு புள்ளி எங்க மேல விழுந்தப்ப நீங்க ரெண்டு பேரும் எங்க இருந்தீங்க? கைதட்டிக்கிட்டு இருந்தீங்க. இது உங்க ஜனாதிபதி ஜெயிச்சது இல்ல. நாங்க பதினொரு பொம்பளைங்க ஜெயிச்சது. நகருங்க ரெண்டு பேரும், வெளிச்சத்த மறைக்காதீங்க."

நகர்ந்தார்கள். பதினொரு பேரும் நெருக்கி நின்றார்கள். கோப்பையின் ஒரு காதை மூமினா பிடிக்க, மறு காதை ஜுவைரியா பிடித்துத் தலைக்கு மேல் தூக்கினாள். அந்தக் கணத்தில் முழங்கால் கைவிட்டது, கோப்பையோடு அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டாள். பதறிக் குனிந்தவர்களைப் பார்த்து, "ஒண்ணுமில்லடி, ஒண்ணுமில்ல, ஜெயிச்சிட்டேன்" என்று சொல்லிச் சிரித்தாள், சிரிக்கும்போதே விசித்து அழுதாள். பெட்டியோடு தன்னைத் திருப்பி அனுப்பிய தீவின் மணலில், எல்லோரும் பார்க்க, எவ்வளவு நேரம் வேண்டுமோ அவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தாள்.